அப்பா மாடியில் இருக்கிறார்

பிப்ரவரி 13

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் அப்பாவும் சௌக்கியம் என்று இரண்டு வரி வந்தால் மனசுக்கும் குறை இருக்காது. அப்பாவுக்கு இருமல் நின்றதா? உன் முதுகுவலி எப்படி இருக்கிறது?

கப்பலைப் பற்றிக் கேட்டிருந்தாய். சரக்கை இறக்கியதும் துறைமுகத்தை விட்டு வெளியே போய் நங்கூரம் போடச் சொன்னார்கள். போட்டோம். அதற்குப் பிறகு எங்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. முதலாளி எங்களைக் கைகழுவிவிட்டான் என்று கேப்டன் இப்போதுதான் வாய்விட்டுச் சொன்னார். ஆளில்லாமல் கப்பலை விட்டுவிட்டுப் போகக் கூடாதாம். அனுமதி இல்லாமல் கரையில் கால் வைக்கவும் கூடாதாம். கரை இங்கிருந்து நன்றாகத் தெரிகிறது. ஒரு பேக்கரியின் விளக்குப் பலகையைக்கூடப் படிக்கலாம். ஜெனரேட்டரை நிறுத்தியாகிவிட்டது. கரண்ட் இல்லாத கப்பலில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். வழுக்கைத் தலையர்கள் ஊரில் சலூன் வைத்தவன் மாதிரி. தண்ணீர் கொண்டுவரும் படகில்தான் கடிதங்கள் வருகின்றன, போகின்றன.

எங்கள் செகண்ட் ஆபீசர் ஒரு வழக்கம் ஆரம்பித்திருக்கிறார். தினமும் பொழுது சாயும்போது எல்லாரும் மேல்தளத்தில் உட்கார வேண்டும். நிலவு எப்படியோ அப்படி நாம். அமாவாசையை ஒட்டிய நாட்களில் சும்மா இருக்க வேண்டும்; திட்டம் போடக் கூடாது, யாரையும் திட்டக் கூடாது. வளர்பிறையில் உட்கார்ந்து எழுந்ததும் ஒரு வேலையைக் கையில் எடுக்க வேண்டும். பௌர்ணமியன்று சந்தோஷமாக இருக்க வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. தேய்பிறையில் மனதில் தூக்கி வைத்திருப்பதை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். "இதுக்கு சாமியும் வேணாம், சம்பளமும் வேணாம்" என்கிறார். நான் முதலில் நக்கலடித்தேன். இப்போது அந்த நேரத்துக்காகக் காத்திருக்கிறேன்.

அப்பாவையும் உட்காரச் சொல். அம்மா போனதிலிருந்து அவர் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறார். மொட்டை மாடியில் ஒரு நாற்காலி போட்டுக்கொள்ளட்டும். அவர் அங்கே, நான் இங்கே. ஒரே நிலாதானே.

உடம்பைப் பார்த்துக்கொள்,
தம்பி

மார்ச் 1

அன்புத் தம்பிக்கு,

அக்கா. இங்கே இருவரும் நலம். நீ இளைத்திருப்பாய் என்று அப்பா சொல்கிறார். இல்லை என்று பொய்யாவது எழுது.

உன் கடிதத்தை அப்பாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். "முப்பது வருஷமா பஸ்ஸுல நின்னவனை உட்காரச் சொல்றான் பாரு" என்றார். கண்டக்டர் வேலையில் உட்கார்ந்தால் மெமோ கொடுப்பார்களாம். ஆனால் அன்று சாயங்காலமே மடக்கு நாற்காலியைத் தேடி எடுத்தார். அமாவாசையன்று மாடியேறி அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு இறங்கி வந்து, "இல்லாததைப் பார்க்கறதுக்கு எதுக்கு மாடி ஏறணும்?" என்று கேட்டார். மறுநாளும் போனார்.

படியேறினால் மூச்சு வாங்குகிறது. டாக்டர் மாத்திரை மாற்றிக் கொடுத்திருக்கிறார். ஜன்னல் பக்கத்தில் உட்காரலாமே என்றேன். "சின்னவன் வானத்துக்குக் கீழ உட்கார்ந்திருக்கான். நான் ஃபேனுக்குக் கீழ உட்கார்ந்தா அது கணக்குல சேருமா?" என்றார். சரி, நாற்காலியையாவது நான் தூக்கிக்கொண்டு வருகிறேன், பட்டறையிலிருந்து வரும்வரை பொறுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். நேற்றுப் பிறை தெரிந்தது. வளர்பிறைக்கு ஒரு வேலை எடுக்க வேண்டுமே. சமையலறைக் குழாயை எடுத்துக்கொண்டார். அதற்கு முன் அது சொட்டிக்கொண்டிருந்தது. இப்போது ஊற்றுகிறது.

பல்செட் பட்டறையில் வேலை அதிகம். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பல் போய்விட்டது போலிருக்கிறது. மெழுகும் அச்சுமாக என் பொழுது போகிறது. ஊரிலுள்ள சிரிப்பையெல்லாம் செய்து கொடுக்கிறேன், நான் எப்போது சிரித்தேன் என்று ஞாபகமில்லை.

வேளைக்குச் சாப்பிடு.
அக்கா

மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உங்கள் இருவரின் சுகத்தையும் உன் கடிதத்தில் பார்த்துவிட்டேன். குழாய்க் கதையை டெக்கில் எல்லாருக்கும் வாசித்தேன். அப்பா இங்கே பிரபலமாகிவிட்டார்.

ஒரு கெட்ட செய்தி. எங்கள் ஆயிலர், எஞ்சினுக்கு எண்ணெய் போடுகிறவர், நன்றாகப் பாடுவார் என்று முன்பு எழுதியிருந்தேனே, அவருக்குப் போன வாரம் வீட்டிலிருந்து கடிதம் வந்தது. அவருடைய அம்மா இறந்துவிட்டாராம். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எங்களோடு சாப்பிட்டார். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கடலில் குதித்துவிட்டார். சீஃப் என்ஜினியர் கயிற்றோடு குதித்து மீட்டார். உயிர் இருக்கிறது, பேச்சு இல்லை. கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சாவுச் செய்தியைவிட, போக முடியாது என்பதுதான் ஆளைத் தின்றுவிட்டது என்கிறார் செகண்ட் ஆபீசர். அதன் பிறகு படகு வந்தால் யாரும் ஓடிப்போய்க் கடிதத்தை வாங்குவதில்லை. தூரத்திலிருந்தே உறையைப் பார்க்கிறோம். நான் மட்டும் பயப்படாமல் பிரிக்கிறேன். அப்பா மாடியில் உட்கார்ந்திருக்கிறார் என்பது எனக்குப் போதும்.

நேற்று பௌர்ணமி. இந்த நிலைமையில் எதற்குச் சந்தோஷம் என்று எல்லாரும் முரண்டு பிடித்தார்கள். செகண்ட் ஆபீசர் விடவில்லை. சமையல்காரர் கத்தரிக்கோலை எடுத்து ஒவ்வொருவருக்காக முடிவெட்டினார். கேப்டனுக்கு ஒரு பக்கம் காதுக்கு மேலே, இன்னொரு பக்கம் காதுக்குக் கீழே. வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்த நேரத்தில் அப்பாவும் இதே நிலாவைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். அங்கே என்ன சந்தோஷம் நடந்தது? விவரமாக எழுது.

தம்பி

மார்ச் 20
(அனுப்பாதது)

தம்பி,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூன்று தாள்களைக் கிழித்துவிட்டேன். நேரடியாகவே சொல்கிறேன். அப்பா போய்விட்டார். பதினொன்றாம் தேதி, பௌர்ணமியன்று சாயங்காலம்.

அன்று பட்டறையில் எனக்கு வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. நேரே வீட்டுக்கு வந்திருக்கலாம். கடைவீதியில் ஒரு செருப்புக் கடைக்குள் நுழைந்து, வாங்கும் எண்ணமே இல்லாமல் ஒன்றொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் அப்பா காத்திருப்பார் என்பது ஞாபகத்தில் இருந்தது. காத்திருக்கட்டுமே, ஒரு நாளாவது எனக்கென்று கொஞ்ச நேரம் இருக்கட்டுமே என்று தோன்றியது. அதைத்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

நான் வந்தபோது அவர் மாடிப்படித் திருப்பத்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மடக்கு நாற்காலி. களைப்பாற உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்து, "பொறுக்க மாட்டீங்களே" என்று கடிந்துகொண்டேதான் ஏறினேன். அவரிடம் நான் கடைசியாகப் பேசியது அது. அவர் கேட்டிருக்க முடியாது.

இதயம் ரொம்ப நாளாகவே பழுதாகித்தான் இருந்தது, கட்டிலில் படுத்திருந்தாலும் இது நடந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். எல்லாக் காரியங்களும் முடிந்தன. கீழ்வீட்டுக்காரர் கூடவே நின்று பார்த்துக்கொண்டார். நீ இல்லையே என்று எல்லாரும் கேட்டார்கள்.

இப்போது சாயங்காலம். இதை உறையில் போட்டு ஒட்டும் முன் உன் கடிதம் வந்தது. ஆயிலரைப் பற்றிப் படித்தேன். கயிற்றோடு குதிக்க ஒருவர் எப்போதும் பக்கத்தில் இருப்பாரா? அதோடு, மாடியேறச் சொன்னது நீ. நீ அதை நினைக்காமல் இருக்க மாட்டாய்.

இதை அனுப்பப் போவதில்லை.

மார்ச் 28

அன்புத் தம்பிக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்பதில் மகிழ்ச்சி. ஆயிலரை நினைத்தால் மனசு ஆறவில்லை. அவருக்குப் பேச்சு வந்ததா?

இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. அப்பாவுக்கு இப்போது மூச்சு வாங்குவதில்லை. அமைதியாக இருக்கிறார். பௌர்ணமியன்று நான் வீட்டுக்கு வரத் தாமதமாகிவிட்டது, அதனால் அன்று நடந்ததைப் பக்கத்தில் இருந்து பார்க்கவில்லை.

பட்டறையில் முதலாளி கூப்பிடுகிறார். அடுத்ததில் விவரமாக எழுதுகிறேன்.

அக்கா

ஏப்ரல் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் தந்தி மாதிரி இருந்தது. கோபமா? முதுகுவலி அதிகமோ? எதுவானாலும் எழுது.

அப்பாவுக்கு மூச்சு சரியானது என்று படித்ததும் செகண்ட் ஆபீசரிடம் ஓடினேன். "பார்த்தீங்களா, உங்க வைத்தியம் எங்க அப்பாவுக்குக் கேட்டுருச்சு." அவர் சந்தோஷப்பட்டார்.

இந்த வளர்பிறையில் நான் எடுத்த வேலை மழைத்தண்ணீர். பழைய தார்ப்பாயைத் தைத்து, தளத்தில் சரிவாகக் கட்டி, பீப்பாயில் விழுகிற மாதிரி செய்தேன். பௌர்ணமிக்கு முந்தின நாள் மழை கொட்டியது. எல்லாரும் சோப்பு போட்டுக் குளித்தோம் அக்கா. சோப்பு நுரையோடு சீஃப் தேசத்தலைவர் மாதிரி உரையாற்றினார். வேலை கையிலிருந்தால் பயம் கொஞ்சம் தள்ளி நிற்கிறது. ஆனால் அமாவாசை நாட்கள்தான் சிரமம். சும்மா உட்கார்ந்தால், இப்படியே செத்துப்போவோமோ என்று உள்ளே ஒரு குரல். அப்பா எப்படிச் சமாளிக்கிறார்? அவரும்தான் அம்மா இல்லாமல் அந்த மாடியில் தனியாக உட்கார்கிறார்.

அவரையே இரண்டு வரி எழுதச் சொல். கிறுக்கலாக இருந்தாலும் பரவாயில்லை. அமாவாசை அன்று படித்துக்கொள்கிறேன்.

தம்பி

மே 13

அன்புத் தம்பிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, பொறுத்துக்கொள். உன் மேல் எனக்கு என்ன கோபம். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

அப்பாவுக்குக் கை நடுங்குகிறது, பேனா பிடிக்க வரவில்லை. அதனால் அவர் சொன்னதை நானே எழுதுகிறேன்.

"சும்மா இருக்கறதுன்னா வண்டியை ஆஃப் பண்ணிட்டுப் போறதுன்னு நினைச்சுட்டான் உன் தம்பி. அது இல்ல. எஞ்சின் ஓடிட்டுத்தான் இருக்கும், பயமும் உறுமிட்டுத்தான் இருக்கும். நீ கியர் போடாம இரு, அவ்வளவுதான். எங்க போறதுன்னு தெரியாதப்போ கியர் போட்டாத்தான் ஆபத்து."

மாடியில் இப்போது நானும் உட்கார்கிறேன். முதலில் ஒன்றும் புரியவில்லை. தண்ணீர்த் தொட்டியில் பம்ப் ஓடும் சத்தம், அடுத்த தெருவில் யாரோ பிள்ளையை அதட்டும் சத்தம். என்னைப் பற்றி நான் வைத்திருக்கும் புகார்கள்தான் வரிசையாக வந்தன. சில நாட்கள் கழித்துத்தான் வரிசை கொஞ்சம் கலைந்தது.

வளர்பிறைக்கு ஒரு வேலை எடுத்தேன். மாலுமிகள் சங்க அலுவலகத்துக்குப் போய் உங்கள் கப்பலைப் பற்றி மனு கொடுத்தேன். அப்படி ஒரு கப்பலே தெரியாது என்றார்கள். மறுபடி போனேன். மூன்றாம் தடவை, "நீங்க இன்னுமா போகல?" என்று கேட்டு உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்தார்கள். துறைமுகத்துக்கு எழுதியிருக்கிறார்களாம். இவ்வளவு நாள் ஏன் போகாமல் இருந்தேன் என்று தெரியவில்லை.

பௌர்ணமியன்று பட்டறைக்கு ஒரு பெரியவர் வந்தார். ஓய்வுபெற்ற விளையாட்டு வாத்தியார். புதுப் பல்செட்டைப் போட்டுப் பார்த்துக் கண்ணாடி முன் சிரிப்பார் என்று நின்றிருக்கிறோம். பையிலிருந்து விசிலை எடுத்து ஊதினார். பல்செட் பறந்துபோய் முதலாளியின் தேநீருக்குள் விழுந்தது. இதைச் சொன்னதும் அப்பா அப்படிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

தைரியமாக இரு.
அக்கா

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

மிக மிக நலம். நீயும் அப்பாவும் இதைப் படிக்கும்போது உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

அப்பா சொன்ன கியர் விஷயத்தைத் தளத்துக் கதவில் சாக்பீஸால் எழுதி வைத்தோம். அமாவாசையன்று எல்லாரும் அதன் கீழே உட்கார்ந்தோம். முதல் தடவையாக அந்தக் குரல் என்னைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. உறுமியது, நான் கியர் போடவில்லை. அவரிடம் சொல்.

இப்போது பெரிய செய்தி. உன் மனு வேலை செய்திருக்கிறது. துறைமுக அதிகாரி ஒருவர் படகில் வந்தார். கப்பலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வழக்கு முடியும்வரை எல்லாரையும் இறக்க முடியாது, ஆனால் ஒரே ஒருவரை இப்போது ஊருக்கு அனுப்ப அனுமதி வாங்கியிருக்கிறேன் என்றார். வீட்டில் சாவோ, ஆபத்தான நோயோ இருப்பவருக்கு முன்னுரிமை. மனு கொடுத்தது நீ என்பதால் முதலில் என்னைத்தான் கேட்டார்கள். "உங்க வீட்டுல எப்படி?" என்றார் அதிகாரி.

"எங்க அப்பா தேறிட்டாருங்க. மாடியில உட்கார்ந்து நிலா பார்க்கறார்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

சமையல்காரரின் குழந்தைக்கு மூளைக் காய்ச்சல். இரண்டு கடிதங்களாக அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அவர் போனார். படகில் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க அப்பா நூறு வருஷம் இருக்கணும்" என்றார். எனக்கு ஏமாற்றமே இல்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் அன்று சாயங்காலம் உட்கார்ந்தபோது நெஞ்சு நிறைந்திருந்தது. இதைக் கேட்டால் அப்பா பெருமைப்படுவார் இல்லையா? என்ன சொன்னார் என்று அவர் வார்த்தையிலேயே எழுது.

தம்பி

ஜூன் 16

தம்பிக்கு,

இந்தக் கடிதத்தைத் தனியாகப் படிக்காதே. செகண்ட் ஆபீசரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படி. அவர் வந்த பிறகு அடுத்த பக்கத்தைத் திருப்பு.

அப்பா இல்லை. மார்ச் பதினொன்றாம் தேதி போய்விட்டார். நீங்கள் முடிவெட்டிச் சிரித்துக்கொண்டிருந்த அதே சாயங்காலம். மாடிப்படியில், நாற்காலியோடு. அவர் காத்திருப்பார் என்று தெரிந்தே நான் செருப்புக் கடையில் நேரம் போக்கிக்கொண்டிருந்தேன். டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: கட்டிலில் இருந்திருந்தாலும் இது நடந்திருக்கும். நான் அதை நம்ப முயற்சி செய்கிறேன். நீ நம்பித்தான் ஆக வேண்டும். நீ சொன்னதால் அவர் ஏறவில்லை. அவருக்குப் பிடித்திருந்ததால் ஏறினார். கடைசி இரண்டு வாரம் அவர் வீட்டில் விசிலடித்தார். அம்மா போன பிறகு நான் கேட்ட முதல் விசில் அது.

காரியங்கள் முடிந்ததும் எழுதினேன். ஆயிலரைப் பற்றி உன் கடிதம் வந்தது. அனுப்பவில்லை. கொஞ்ச நாள் போகட்டும் என்று நினைத்தேன். நீ அவரைப் பற்றிக் கேட்கக் கேட்க, சொல்வதற்கான நாள் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய் என்பார்களே, என் விஷயத்தில் அப்பாவுக்கு நடுக்கம் வந்தது, பிறகு தத்துவம் வந்தது.

எது அவருடையது, எது என்னுடையது என்று உனக்குத் தெரிய வேண்டும். குழாய் அவருடையது. ஃபேனுக்குக் கீழே என்றது அவருடையது. கியர் என்னுடையது. நீ அவர் வார்த்தையைக் கேட்டபோது எழுத ஒன்றும் வரவில்லை. அவர் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தால் வருமோ என்று அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். தினமும் போனேன். அங்கே எனக்குத் தெரிந்ததை அவர் குரலில் எழுதினேன்.

விசில் வாத்தியார் கதையில் சிரித்தவளும் நான்தான். பட்டறையில் எல்லாருக்கும் நடுவில், நிறுத்த முடியாமல் சிரித்தேன். அப்பா போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. தம்பியை ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன். எனக்கு எப்படிச் சிரிப்பு வருகிறது என்று அன்று சாயங்காலம் மாடியில் உட்கார முடியாமல் இறங்கி வந்துவிட்டேன். அந்தச் சிரிப்பை என் பெயரில் எழுத வெட்கமாக இருந்தது. அவர் பெயரில் எழுதிவிட்டேன்.

உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்தேன். உனக்குத் திறந்த ஒரே கதவைச் சாத்தியிருக்கிறேன். நீ வந்திருக்க வேண்டிய படகில் வேறொருவர் வந்துவிட்டார். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. நீ எதையும் எழுத வேண்டாம். உயிரோடு இருப்பதை மட்டும் யாரிடமாவது சொல்லி எழுதச் சொல்.

அக்கா

ஜூலை 14

தம்பிக்கு,

கடிதம் கிடைத்ததா? சங்க அலுவலகத்தில் தினமும் கேட்கிறேன். கப்பலில் எல்லாரும் இருக்கிறார்கள் என்கிறார்கள். "எல்லாரும்னா எத்தனை பேர்?" என்று கேட்டேன். அந்த ஆள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

செகண்ட் ஆபீசருக்கும் தனியாக எழுதியிருக்கிறேன். தினமும் மாடிக்குப் போகிறேன். சும்மா இருக்க முடியவில்லை. போகாமலும் இருக்க முடியவில்லை.

அக்கா

ஆகஸ்ட் 2

அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன்.

உன் கடிதத்தை நீ சொன்னபடி செகண்ட் ஆபீசரோடு உட்கார்ந்துதான் படித்தேன். படித்து முடித்ததும் கதவில் இருந்த சாக்பீஸ் எழுத்தைச் சட்டையால் அழித்தேன். பிறகு அவர் சட்டையைப் பிடித்தேன். "உங்களால்தான் எங்க அப்பா படியேறினார்" என்று கத்தினேன். அவர் கையை எடுத்துவிடவில்லை. "என்னாலன்னு நினைச்சா உனக்கு லேசா இருக்குமா? இருந்தா நினைச்சுக்கோ" என்றார். லேசாக இல்லை. அவரை விட்டேன். அன்றிலிருந்து நான் உட்காரவில்லை. பௌர்ணமியாவது, அமாவாசையாவது. கீழே போய் என்ஜின் ரூமில் இருட்டில் படுத்துக்கொண்டேன். மற்றவர்கள் முறை வைத்து ஏணியடியில் உட்கார்ந்திருந்தார்கள், நான் குதித்துவிடுவேனோ என்று. அவர்களும் உன்னைப் போலத்தான் நினைத்திருக்கிறார்கள்.

அதுதான் எனக்கு ஆறவில்லை. நான் தாங்க மாட்டேன் என்று நீயே முடிவு செய்துவிட்டாய். அப்பா செத்த பிறகு நான் மூன்று மாதம் சிரித்தேன், தார்ப்பாய் தைத்தேன், அவரை வைத்து ஜோக்கடித்தேன். அழ வேண்டிய நாட்களில் என்னைச் சிரிக்க வைத்துவிட்டாய். அந்த நாட்களை இனி எங்கே போய் வாங்குவேன்?

சமையல்காரரிடமிருந்து கடிதம் வந்தது. குழந்தை பிழைத்துவிட்டது. அவர் போய்ச் சேர்ந்த அன்று அதற்கு நினைவில்லையாம். அவர் குரலைக் கேட்டுக் கண்ணைத் திறந்ததாம். நீ உண்மையை எழுதியிருந்தால் நான்தான் போயிருப்பேன், விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன். அவ்வளவு நல்லவன் இல்லை நான். அந்தக் குழந்தை என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கிறேன். இதை வைத்து உன்னை மன்னிக்கவும் முடியவில்லை, முழுசாகத் திட்டவும் முடியவில்லை.

மாடியேறச் சொன்னது நான். இதை எத்தனை டாக்டர் வந்து சொன்னாலும் எனக்கு மாறாது. நீ செருப்புக் கடையைச் சொல்கிறாய், நான் நாற்காலியைச் சொல்கிறேன். இதில் யாருக்குப் பங்கு அதிகம் என்று நாம் அடித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

தம்பி

செப்டம்பர் 7

அக்கா,

கரையிலிருந்து எழுதுகிறேன். மாலுமிகள் விடுதியில் இருக்கிறேன். சாப்பாடு கிடைக்கிறது, காய்ச்சல் ஏதும் இல்லை. உனக்கு எப்படி இருக்கிறது என்று போன கடிதத்தில் நான் கேட்கவே இல்லை. கேட்கக் கூடாது என்றுதான் விட்டேன். இப்போது கேட்கிறேன். எப்படி இருக்கிறாய்?

கப்பலை ஏலம் விடக் கோர்ட்டு உத்தரவு போட்டுவிட்டது. முந்தாநாள் எங்களை இறக்கினார்கள். பெட்டியோடு வரிசையாக ஏணியில் இறங்கினோம். தரையில் கால் வைத்ததும் எல்லாருக்கும் தள்ளாடியது. கேப்டன் கம்பீரமாக அதிகாரிக்குக் கைகொடுக்கப் போய், நேராக நடக்க முடியாமல் பக்கத்தில் நின்ற பழவண்டி மேல் சாய்ந்துவிட்டார். வண்டிக்காரி, "பகல்லயே போட்டாச்சா?" என்று அதட்டினாள். ஒரு சொட்டுக் குடிக்காத மனிதர் அக்கா. நான் சிரித்துவிட்டேன். அப்பா இல்லை என்று நன்றாகத் தெரிந்தே சிரித்தேன். யாரும் என்னை ஏமாற்றி வரவழைத்த சிரிப்பில்லை. பாதியில் அழுகை வந்தது. அதற்காகச் சிரிப்பு நிற்கவும் இல்லை. பழவண்டிக்காரி பயந்துபோய் எனக்கு ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரித்துக் கொடுத்தாள். தின்று முடித்துத் தலை நிமிர்ந்தபோது கடல் பக்கம் நிலா வந்திருந்தது. பௌர்ணமி என்பதே எனக்கு நினைவில் இல்லை. அன்று பட்டறையில் உனக்கு என்ன நடந்தது என்று எனக்கு விளங்கியது. அதற்காக நீ வெட்கப்பட்டிருக்க வேண்டாம். மற்றதற்கு வெட்கப்படு.

செகண்ட் ஆபீசர் நேற்றே ஊருக்குப் போய்விட்டார். போகும் முன் சட்டைக் காலரைக் காட்டி, "தையல் விட்டுருச்சு, ஒழுங்கா தைச்சுக் கொடு" என்றார். தைத்துக் கொடுத்தேன்.

பதினான்காம் தேதி எனக்கு டிக்கெட். ஸ்டேஷனுக்கு வராதே. அத்தனை பேர் முன்னால் உன்னைப் பார்த்தால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. நானே வந்துவிடுகிறேன். வாசலில் நின்று அழாதே. பயணத்தில் சரியாகச் சாப்பிட மாட்டேன், அதனால் முதலில் சாப்பாடு போடு. பிறகு உன்னிடம் சண்டை போட வேண்டும். நீ குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும். அது முடிந்ததும், மார்ச் பதினொன்றாம் தேதி காலையில் அப்பா எழுந்ததிலிருந்து ஆரம்பித்துச் சொல். எதையும் விடாதே. எதையும் சேர்க்காதே.

தம்பி